சிந்தாத கை

அவர் வீட்டில் தேநீர் குடிப்பது ஒரு சோதனை. கோப்பையின் விளிம்புக்கு மேலே தேநீர் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும். தூக்கினால் சிந்தும், தூக்காவிட்டால் குடிக்க முடியாது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் குனிந்து, மேசையில் இருக்கிற கோப்பையிலேயே வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். பெரிய உத்தியோகக்காரர்களும் அப்படித்தான் குனிய வேண்டும். அவர்களுடைய கழுத்துப்பட்டி தேநீருக்குள் விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

அவர் மட்டும் குனிவதில்லை. சமையலறையிலிருந்து மூன்று கோப்பைகளை இரண்டு கைகளில் கொண்டு வருவார். தட்டமும் கிடையாது, கீழே சாசரும் கிடையாது. கண் கோப்பையில் இருக்காது, எங்கள் முகத்தில்தான் இருக்கும். பாதிக் கதையைச் சமையலறையில் தொடங்கி மீதியை எங்களுக்குப் பக்கத்தில் வந்து முடிப்பார். நிலத்தில் ஒரு பொட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

"என்னக்கா இது, தேத்தண்ணியோ குளமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அரைக் கோப்பை குடுத்தா, வந்தவையை எழும்பிப் போங்கோ எண்டு சொல்லுற மாதிரியெல்லோ, பிள்ளை" என்றார்.

டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே என்ற ஊரில் ஒரே கட்டிடத்தில், எனக்கு நேர் மேல்வீட்டில் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், மகன் படித்து வேலை கிடைத்து, தூர ஊரான பிரெடெரிசியாவுக்குப் போய்விட்டான். கட்டிடத்தில் இருந்த தமிழர்கள் எல்லாருக்கும் அவர் மேல்வீட்டு அக்காதான். பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவருக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கண்ணுக்கு மருந்து விடுவது, நகம் வெட்டுவது, முகம் வழிப்பது எல்லாம் அவரிடம்தான் வரும். அங்கே ஒரு கிழவர், முன்பு கப்பலில் வேலை செய்தவராம், வேறு யாராவது சவர அலகோடு கிட்ட வந்தால் கெட்ட வார்த்தையில் ஏசுவார். அக்கா வந்தால் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவார். பாதியில் நித்திரையும் ஆகிவிடுவாராம். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பவனி மெழுகுதிரியை யார் பிடிப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. இளம்பிள்ளைகள் பிடித்தால் மெழுகு கம்பளத்தில் சொட்டும், பாதிரியாருக்கு முகம் சுருங்கும்.

இப்படிப்பட்ட கைக்காரி வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். வருடக் கடைசி நாள். டென்மார்க்காரருக்கு அன்று என்ன பேய் பிடிக்குமோ தெரியாது, வருடம் முழுக்கப் பூனைபோல இருக்கிற மனுசர் அன்றைக்கு மத்தியானத்திலேயே வெடி கொளுத்தத் தொடங்கிவிடுவார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு இருட்டினதும் ஊரே அதிரும். வானத்துக்குப் போகிற வெடி விசிலடித்துக்கொண்டு போய், ஒரு கணம் சத்தமில்லாமல் நின்று, பிறகு வெடிக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்த யாருக்கும் அந்த ஒரு கணம் தெரியும். ஷெல் விழப்போகிற இடம் எது என்று காது தேடுகிற நேரம் அது.

ஒரு வருடக் கடைசியில் உடுப்புத் தோய்க்க ஒரு மெஷினாவது கிடைக்குமா என்று கீழ்த்தளத்துக்குப் போனேன். கட்டிடத்துக்குப் பொதுவான சலவை அறை அது. மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குள்ளும் உடுப்பில்லை. வெறும் மெஷின்களைச் சுற்றவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவில், இரண்டு மெஷின்களுக்கு இடையிலான இடுக்கில் அக்கா குந்தியிருந்தார். கைகளை அக்குளுக்குள் செருகி வைத்திருந்தார். நான் ஒரு கையை இழுத்துப் பிடித்தேன். அந்தக் கையை எனக்கு அடையாளமே தெரியவில்லை, அப்படி நடுங்கியது.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். "இது விசர் எண்டு நினைப்பினம்."

நான்தான் அவரை மருத்துவரிடம் போகச் சொன்னேன். மருத்துவர் போர்ப் பாதிப்புக்கான சிகிச்சைக்கு அனுப்பினார். நல்ல இடம், நல்ல மனுசர். கிழமைக்கொருமுறை போய்க் கதைத்தார். கதைத்துக் கதைத்து நித்திரை கொஞ்சம் வந்தது. வெடிப்பயம் மட்டும் போகவில்லை.

அதைப் போக்கினவள் அவரோடு வேலை செய்த ஒரு டேனிஷ்காரி. ஆறடி உயரம், ஆண்பிள்ளைக் குரல், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். அவள் ஒரு துவக்குச் சுடும் கழகத்தில் உறுப்பினர். இந்த நாட்டில் அது பெரிய விசயமில்லை. எங்களுடைய ஆட்கள் பூப்பந்து விளையாடப் போவதுபோல, இவர்கள் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் கூடி, குப்புறப் படுத்துக்கொண்டு சின்ன ரைஃபிளால் அட்டையில் சுடுவார்கள். பிறகு கோப்பி குடித்து, கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பொலிஸ் பதிவைப் பார்த்துச் சம்மதம் கொடுத்தால் யாரும் சேரலாம். துவக்குகள் கழகத்தின் இரும்பு அலுமாரியில்தான் இருக்கும். அவள் ஒருநாள் அக்காவை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் சின்னண்ணையை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டவர்கள் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. துவக்கு என்றால் எனக்கு அவ்வளவுதான், அதற்கு நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது.

"உங்களுக்கு என்ன விசரே அக்கா?" என்று படியில் வைத்தே கேட்டேன். "அதிலை இருந்து தப்பித்தானே இஞ்சை வந்தனாங்கள்?"

"வந்து பாரும்" என்றார். "பாத்துப்போட்டு ஏசும்."

ஏசவேண்டும் என்பதற்காகவே போனேன். சுவரில் ஈரவாடை, காதில் பெரிய மூடிகள், ஒரு மேசையில் கோப்பிக் குடுவை. வயதான டேனிஷ்காரர்கள் நாலைந்து பேர் அக்காவுக்குத் தலையாட்டி வணக்கம் சொன்னார்கள். அக்கா பாயில் குப்புறப் படுத்து, தோல் வாரை முழங்கையில் சுற்றி இழுத்து, கன்னத்தை மரத்தில் வைத்தார். பிறகு அசையவில்லை. மூச்சு விடுகிறாரா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒரு வெடி. மறுபடியும் அந்த அசையாமை. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். நடுவில் எல்லாத் துளைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கிழிசலாக இருந்தது.

திரும்பி நடந்து வருகிறபோது சொன்னார்: "முதல் தரம் கத்திப்போட்டன். இரண்டாந்தரம் விளங்கிச்சுது. சத்தம் என்ரை கையிலை இருந்தெல்லோ வருது. எப்ப வரும் எண்டு எனக்குத்தான் தெரியும். அவ்வளவு காலமும் அது எனக்குத் தெரியாமல் வந்த சத்தம், பிள்ளை."

நான் ஏசவில்லை. அந்த வருடக் கடைசியில் எங்களையெல்லாம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வெளியே வெடித்துத் தள்ளிக்கொண்டிருக்க, பல்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டு, விளிம்பு முட்டத் தேநீர் கொண்டுவந்தார். கொத்தாக ஒரு வெடி எங்கள் கூரைக்கு மேலேயே சிதறியது. நான்தான் துள்ளினேன். அவர் கையில் இருந்த கோப்பைகள் அப்படியே இருந்தன.

எங்கள் ஆட்களின் வாய் சும்மா இருக்குமா? "அவ முந்தி இயக்கத்திலை இருந்திருக்கவேணும், இல்லாட்டி இப்பிடிக் குறி பாக்கேலுமே" என்று பூசை முடிந்த கையோடு கதைத்தார்கள். அக்கா அந்த நாட்களில் ஒரு துணிக்கடையில் சட்டைத் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்துக்கொண்டே சொன்ன இன்னொரு கதையையும் இங்கே எழுத வேண்டும். டென்மார்க்குக்கு வந்த புதிதில், அகதி முகாமில் இருந்து முதல் விசாரணைக்குப் போனாராம். நிமிர்ந்து இருந்து, கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லி, தந்த கோப்பியைச் சிந்தாமல் குடித்துவிட்டு வந்தாராம். விண்ணப்பம் தள்ளுபடி. அமைதியாகவும் பதற்றமில்லாமலும் காணப்பட்டார் என்று கடிதத்தில் இருந்ததாம். முகாமில் இருந்த மூத்த பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அழாமல் கதைச்சா ஆர் நம்புவினம் எண்டு கேட்டினம். பேந்து மேல்விசாரணைக்குப் போகேக்குள்ளை எனக்குப் பழக்கியெல்லோ விட்டவை. தண்ணிக் கிளாசைத் தூக்கு, கையை நடுங்க விடு, கொஞ்சம் ஊத்து. அப்பிடியே செய்தன். வீசா தந்திட்டினம்." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சிந்தாத கையாலை ஒருக்கா வீசா போச்சுது, சிந்தின கையாலை கிடைச்சுது."

நானும் சேர்ந்து சிரித்தேன். எங்களில் யாருக்குத்தான் அப்படி ஒரு கதை இல்லை? இராணுவக் காவலரணில் ஐயா என்று கும்பிட்டு நின்றது தொடக்கம், இங்கே கொம்மூன் என்கிற நகரசபையில் இருமிக் காட்டி வீடு கேட்டது வரை, அதிகாரம் இருக்கிற இடத்தில் இருக்கிற துன்பத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது எங்களுடைய எலும்பில் ஊறியது. பொய் என்று யாரும் நினைப்பதில்லை. உள்ளதைத்தானே கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறோம்.

பிறகு அந்தச் சட்டமூலம் வந்தது. துவக்குகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நாடே கதைத்துக்கொண்டிருந்த காலம். அதில் நியாயமான விசயங்கள் பல இருந்தன. ஓரிடத்தில் மட்டும், போரினால் வந்த மனப்பாதிப்புக்குச் சிகிச்சை எடுத்த யாருக்கும் கழகத்தில்கூடச் சுடுவதற்குப் பொலிஸ் சம்மதம் இல்லை என்று இருந்தது. நான் அதைச் செய்தியில் வாசித்து, சரிதானே என்று நினைத்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளினேன். மேல்வீடு நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் அக்கா கதவைத் தட்டினார்.

"உமக்கு உந்தச் சட்டம் விருப்பமோ?"

"ஓம் அக்கா" என்றேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

"எனக்கும் விருப்பம்தான்" என்றார். "விசரருக்குத் துவக்குக் குடுக்கிறதே? ஆனா நான் விசரில்லையெல்லோ. நீர் எனக்கு ஒரு ஈமெயில் எழுதித் தாரும்."

நான் வேலை செய்வது ஒரு காப்புறுதி நிறுவனத்தில். இல்லை என்ற ஒரு சொல்லை நாள் முழுவதும் மரியாதையான டேனிஷில் எழுதுவதுதான் என் தொழில். ஆகவே அக்காவின் ஈமெயில்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து பதில்கள் வந்தபோது, என் தொழில்காரரின் கையெழுத்தை நான் உடனே கண்டுகொண்டேன். நன்றி, உங்கள் கருத்து முக்கியமானது, அதை எங்களோடு எடுத்துச் செல்கிறோம். அக்கா ஒவ்வொன்றையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, "பாரும், எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கினம்" என்பார்.

ஈமெயிலோடு விடவில்லை. அந்த விசயத்துக்குப் பொறுப்பான குழுவில் இருந்த எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தார். ஒருவர் திருப்பி எடுத்தபோது அக்கா முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்குக் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். தொலைபேசியைக் கட்டிலில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, வெட்டுவதை நிறுத்தாமலே கதைத்திருக்கிறார். கிழவி இடையில் புகுந்து, "அவளைச் சுட விடுங்கள், அவள் என் விரலை ஒருநாளும் வெட்டினதில்லை" என்று கத்தினாளாம். மறுபக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, எங்களோடு எடுத்துச் செல்கிறோம் என்றாராம்.

இன்னொருவர் ஒரு சனிக்கிழமை ரயில் நிலையத்தில் நின்று சனங்களுக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் எங்களைக் கண்டதும் நாங்கள் குடிவரவு பற்றிக் கேட்கப்போகிறோம் என்று நினைத்து, அதற்குரிய முகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். துவக்கு என்று அக்கா தொடங்கியதும் அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோப்பி அரைவாசி வார்த்த கடதாசிக் கோப்பையை நீட்டினார். அக்கா அதை வாங்கி, அவருடைய குடுவையையும் வாங்கி, விளிம்பு முட்ட வார்த்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். மனுசன் அதை வைத்துக்கொண்டு அசைய முடியாமல் நின்றதால், அக்கா சொல்ல வந்தது முழுவதையும் கேட்க வேண்டியதாகிவிட்டது. போகும்போது அவர்தான் சொன்னார்: நீங்கள் குழுவின் முன்னால் வந்து சொல்லலாமே.

இந்த நாட்டில் அது முடியும். யாரும் கேட்டால், சட்டமூலத்தை ஆராய்கிற குழுவின் முன்னால் கால்மணி நேரம் தருவார்கள். பெரிய நிறுவனங்களும் வரும், தனி ஆட்களும் வருவார்கள். அக்காவுக்கும் ஒரு நாள் கிடைத்தது. கூட்டிக்கொண்டு வரக்கூடிய ஆட்கள் என்று என்னையும் அந்த டேனிஷ்காரியையும் சொன்னார்.

பேச்சை நான்தான் எழுதினேன். சட்டம் எனக்குப் பிடித்த சட்டம், பேச்சு அதற்கு எதிரான பேச்சு. ஆனாலும் காப்புறுதி நிறுவனத்தில் பதினைந்து வருடம் படித்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினேன். நான் சிகிச்சை எடுத்தேன், குணமானேன், சிகிச்சை எடுத்ததற்காகத் தண்டிக்காதீர்கள், இனி யார் மருத்துவரிடம் உண்மை சொல்வார்கள்? இவ்வளவுதான் சாரம். சாப்பாட்டு மேசையில் வைத்து அக்காவைப் பேசப் பழக்கினேன். டேனிஷ்காரி எதிரே உட்கார்ந்து எம்.பி.யாக நடித்தாள். அக்கா அழகாகப் பேசினார். குரல் அசையவில்லை. பேசி முடித்துவிட்டு எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார், வழமைபோல.

"கையிலை ஒண்டும் வேண்டாம், முகத்தைப் பாத்துக் கதையுங்கோ" என்றேன். "நீங்கள் எப்பிடி இருக்கிறியளோ அப்பிடியே இருங்கோ. அதுதான் எங்கடை சாட்சி."

"ஓம் பிள்ளை" என்றார். "சாறி கட்டட்டோ?"

"வேண்டாம்."

அந்த நாள் வந்ததும் மூவரும் நகர ரயிலில் போனோம். அக்கா கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். நாடாளுமன்றக் கட்டிடத்தில் பைகளைச் சோதித்துவிட்டு, ஒரு நீண்ட அறைக்குள் விட்டார்கள். நீள மேசை, தண்ணீர்ச் சாடிகள், கிளாசுகள். ஆறேழு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நரைத்த தலைமயிரோடு ஒரு பெண் எம்.பி. இருந்தார். அவர் மட்டும்தான் எழுந்து வந்து எங்களுக்குக் கை கொடுத்தார்.

அக்கா தொடங்கினார். முதல் பந்தி நன்றாகப் போனது. கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்தார். சிகிச்சை என்ற சொல் வந்ததும் அந்தப் பெண் எம்.பி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரக்கத்தோடு அக்காவைப் பார்த்தார். நல்ல மனுசி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பார்வையை அக்கா பார்த்ததை நான் பார்த்தேன். முகாம் காலத்து மேல்விசாரணையில் இப்படித்தான் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா கடதாசியை மேசையில் வைத்தார். சாடியிலிருந்து கிளாசில் தண்ணீர் வார்த்தார். நான் மேசைக்குக் கீழே அவருடைய முழங்காலில் தட்டினேன். அவர் கவனிக்கவில்லை. என் டேனிஷ் போய்விட்டது, அவருடைய டேனிஷ் வந்தது. வருடக் கடைசியில் சலவை அறையில் இருந்ததைச் சொன்னார். ஷெல் விழுந்த வீட்டைச் சொன்னார். உள்ளதுதான் எல்லாம். ஆனால் அது நேற்று நடந்ததுபோலவும், இன்றைக்கும் நடப்பதுபோலவும் சொன்னார். சொல்லிக்கொண்டே கிளாசைத் தூக்கினார். கை நடுங்கியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசையில் ஓடி, என் பேச்சுக் கடதாசியை நனைத்து, அந்தப் பெண் எம்.பி.யின் பக்கமாகப் போனது. அவர் தன் கைப்பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்து, தண்ணீரைத் துடைத்து, பிறகு இன்னொன்றால் தன் கண்ணைத் துடைத்தார். எல்லாரும் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்ததற்கும் துணிவுக்கும் நன்றி சொன்னார்கள். கால்மணி நேரம் முடிந்தது.

வெளிப் படிகளில் இறங்கும்போது அக்கா பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். "கண்டீரே? அந்த அம்மாவின்ரை கண் கலங்கிப்போச்சுது. இனிச் சரி. நீர் எழுதித் தந்ததும் நல்லதுதான், ஆனா அதிலை உயிரில்லை, பிள்ளை."

டேனிஷ்காரி நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டாள். "உன் கை நடுங்குவதே இல்லையே. அதைக் காட்டத்தானே வந்தோம்?"

அக்கா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நீங்கள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டு நிற்காத சனம், உங்களுக்கு இது விளங்காது என்பதுபோல ஒரு பார்வை. "அவர்கள் அழுதார்கள்" என்றார் டேனிஷில். "நீ பார்க்கவில்லையா? அழுதார்கள்."

ரயிலில் நனைந்த பேச்சுக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். நடுங்கிய கைக்கு அழுதவர்கள் அந்தக் கைக்குத் துவக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதை ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும். அக்காவுக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் மூளைக்குறைவு இல்லை. அழுதவர்கள் கொடுப்பார்கள் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கண்ட ஒரே நிரூபணம்.

வாக்கெடுப்பு நாளில் விவாதத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். கணினியை மேசையில் வைத்து, முட்ட முட்டத் தேநீரும் வைத்து உட்கார்ந்தோம். அந்தப் பெண் எம்.பி. எழுந்தார். அக்கா என் கையைப் பிடித்தார்.

சட்டமூலம் கடுமையானது என்று சிலர் சொல்கிறார்கள், என்று அவர் தொடங்கினார். தன்னாலும் நீண்ட நாள் முடிவெடுக்க முடியவில்லையாம். பிறகு ஒரு பெண் குழுவின் முன்னால் வந்தாராம். போரில் எல்லாவற்றையும் இழந்த, மிகத் துணிச்சலான பெண். துவக்கை வைத்திருக்க விடும்படி கேட்டாராம். ஒரு கிளாஸ் தண்ணீரைக்கூடப் பிடிக்க முடியாமல் அவருடைய கை நடுங்கியதைத் தன்னால் மறக்க முடியவில்லையாம். அவரைப் போன்றவர்களைக் காப்பாற்றவும்தான் நான் ஆதரித்து வாக்களிக்கிறேன் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உது என்னையோ சொல்லுறா?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா."

சட்டம் நிறைவேறியது. கணினியில் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள். வெறும் நாற்காலிகள் தெரிந்தன. அக்கா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா காட்டினதெல்லோ, பிள்ளை" என்றார் கடைசியில். "அது நடிப்பு எண்டு ஆரும் சொல்லேலாதோ?"

மறுநாள் அவரே தொலைபேசி எடுத்திருக்கிறார், அந்த எம்.பி.யின் அலுவலகத்துக்கு. என் கை நடுங்குவதில்லை, அன்று வேண்டுமென்றே செய்தது, நேரில் வந்து காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறார். எடுத்த பொடியன் மிகவும் அன்பாகக் கதைத்தானாம். அவசரம் என்றால் எடுக்கச் சொல்லி, மனஉளைச்சலுக்கு உதவி செய்கிற ஓர் இடத்தின் இலக்கத்தைக் கொடுத்தானாம். அந்த இலக்கத்தை அக்கா என்னிடம் தந்து, "இவை சட்டத்தை மாத்திற ஆக்களோ?" என்று கேட்டார். எனக்கு மனம் விட்டுப்போனது அந்தக் கேள்வியில்தான்.

இன்றைக்கும் அந்தச் சட்டம் பிழை என்று என் வாயால் சொல்ல வரவில்லை. அழுத எம்.பி. கெட்டவர் இல்லை, தொலைபேசிப் பொடியன் கெட்டவன் இல்லை. யாரை ஏசுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது மனுசரைத் தின்றுவிடும்.

கழகத்தார் அக்காவுக்குக் கேக் வெட்டி விடைகொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் பின்னேரம் இருட்டியதும் கீழ்த்தளத்திலிருந்து மெஷின்களின் இரைச்சல் என் வீடு வரை கேட்டது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் குந்தியிருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? பூசைக்கு வந்தவர்கள் இப்போது வேறு கதை கதைத்தார்கள்: "ஆர் அவவை டொக்டரிட்டைப் போய் எல்லாத்தையும் சொல்லச் சொன்னது?" அதிலிருந்து எங்கள் ஆட்களில் யாருக்காவது நித்திரை வராவிட்டால், முதுகுவலி என்றுதான் மருத்துவரிடம் சொல்கிறார்கள்.

அடுத்த கோடையில் மகன் வந்து அவரைப் பிரெடெரிசியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மா தனியாக இருக்கக்கூடாது என்று என்னிடம் டேனிஷில் சொன்னான். மெழுகுதிரியை இப்போது வேறு ஒருவர் பிடிக்கிறார்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். மகனுடைய வீட்டில் எல்லாம் வெள்ளை நிறம். அக்கா என் முகத்தைத் தடவி, மெலிந்துபோனேன் என்று சொல்லி, தேநீர் போடச் சமையலறைக்குப் போனார். நான் வழமைபோலக் கதையைத் தொடங்கினேன். சமையலறையிலிருந்து பதில் வரவில்லை. வந்தபோது கையில் தட்டம் இருந்தது, தட்டத்தில் சாசர், சாசரில் கோப்பை. கண்ணைக் கோப்பையிலிருந்து எடுக்காமல், காலை மெல்ல மெல்ல வைத்து வந்தார். மேசையில் வைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அரைக் கோப்பை.

குனிய வேண்டி இருக்கவில்லை. எடுத்துக் குடித்தேன்.

"சீனி காணுமோ?"

"காணும் அக்கா."

குடித்து முடித்த பிறகும் நான் எழும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, வெறும் கோப்பையைச் சாசரோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோப்பை சாசரில் கிடந்து கடகடவென்று அடித்துக்கொண்டே போய், சமையலறையில் நின்றது.